பஸ் நின்ற நாளும் மாற்றுவழி அற்றோரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் செயலாளர் எம்மிடம் வந்து, "இம்மாதம் தாங்கள் பேசுதல் வேண்டும்; பொருளைத் தாங்களே தெரிந்துகொள்ளலாம்" என்று கேட்டபொழுது, யாம் திருமழிசையாழ்வாரைப் பற்றியோ திருமுல்லைவாயிற் கோயிலைப் பற்றியோ பேசுவோம் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். பஸ் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்று சொன்னவுடன் அவர் முகத்தில் எழுந்த வியப்பை யாம் இன்னும் மறந்தோமில்லை. தமிழ் படித்தவனுக்குப் பஸ்ஸைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களிற் சிலரும் கருதலாம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலே துள்ளம் என்னும் சிற்றூரில் 1883-ல் பிறந்த திரு.வி. கலியாணசுந்தரனார் வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராய் இருந்தவர். அப்பணியை விடுத்துத் 'தேசபக்தன்' பத்திரிகைக்குச் சென்ற அப்பெரியார், 1918-ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பி.பி. வாடியாவோடு நின்று உழைத்தார். எதுகை மோனை கற்ற வாயால் கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் பேசலாம் என்று வழிகாட்டிச் சென்றவர் அவர். அவர் அடியைப் பின்பற்றுகின்றோம் என்று சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆயினும் அவ்வழி உள்ளது என்பதை நினைவூட்டுகின்றோம்.

மற்றொரு காரணமும் உண்டு. உண்மையில் அதுவே பெரிது. இம்மண்டபத்தில் வீற்றிருப்போருள், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, ஐயப்பன்தாங்கல் ஆகிய பணிமனைகளில் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் பழுதுபார்ப்போராகவும் உழைப்பவர் பலர். அவர்கள் ஓட்டிவரும் வண்டிக்காக விடியற்காலையில் நிறுத்தத்திலே நிற்பவர் அவர்களினும் பலர். அண்ணன் வண்டி ஓட்டுகின்றான். தங்கை அவ்வண்டிக்குக் காத்து நிற்கின்றாள். 2018-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் முடிந்து சில வாரங் கழித்து, நம்மவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், அத்தகைய அண்ணனும் தங்கையும் பந்தியிலேயே வாய்ச்சண்டையிட்டதை உங்களிற் சிலர் நேரிற் கண்டீர்கள். அவர் ஓட்டுநர். அவள் அண்ணாநகரில் இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவள். இருப்பது திருவேற்காட்டுப் பக்கம். அன்று அவள், "அண்ணே, உங்களுக்குப் பேச யூனியன் இருக்குது, அவங்களுக்குப் பேச சர்க்கார் இருக்குது, எனக்குப் பேச யாரு இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, இலையை மடக்கி எழுந்து போய்விட்டாள். அந்த அண்ணன் நல்லவர். தங்கையின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டியவர். அவர் மறுமொழி கூறவில்லை. அவள் கேட்ட கேள்வியைச் சுமந்துகொண்டே யாம் இங்கு வந்துள்ளோம்.

முதலில் ஊரின் அமைப்பைச் சிறிது காண்போம். சென்னைக்கு மேற்கேயுள்ள நம் பகுதியை யாவர்க்கும் ஒரே வசதியுள்ள ஒரே நிலமாகக் கருதுவது பெரும்பிழை. தென்னாட்டின் முதல் இரயில் 1856 ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. இன்றைக்கும் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் என்று அப்பாதையின் நிலையங்கள் மணி கோத்தாற்போல நிற்கின்றன. பஸ் நின்றால் அந்நிலையங்களுக்கு நடக்கும் தொலைவில் வீடுள்ளவன் இரயிலேறிப் போய்விடுவான். வாயிற்படியிலே தொங்கிக்கொண்டேனும் போய்விடுவான்.

பூவிருந்தவல்லிக்கோ இந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தகைய பாதை வரவில்லை. வெள்ளையர் காலத்திலேயே பட்டாளம் தங்கிய ஊர் அது; சென்னையினின்று மேற்கே செல்லும் பெருஞ்சாலைக்கே தன் பெயரைத் தந்த ஊர். இருந்தும் 2018-ல் இருப்புப்பாதை மட்டும் இல்லை. அவ்வூரிலிருந்து ஆவடி நிலையம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். திருமழிசை, திருவேற்காடு, மாங்காடு, குன்றத்தூர், காட்டுப்பாக்கம் முதலிய ஊர்களும் பஸ்ஸையே நம்பி வளர்ந்தவை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வரை செல்லும் மெட்ரோப் பாதையையும் உள்ளடக்கிய இரண்டாங் கட்டத் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 2020 நவம்பர் 21-ல். யாம் சொல்லப்போகும் 2018-ல் அதன் தூண்களும் எழும்பவில்லை.

அம்பத்தூரிலும் நிலையத்தருகே இருப்பவன் நிலை வேறு. உள்ளொதுங்கி இருப்பவன் நிலை வேறு. 1960-களில் தோன்றிய தொழிற்பேட்டைக்குத் திருநின்றவூரிலிருந்து வரும் தொழிலாளிக்கு இரயில் உண்டு. அயப்பாக்கத்திலிருந்தோ செங்குன்றத்திலிருந்தோ வருபவளுக்கு அஃதில்லை. பேட்டைக்குள் அவளுடைய வீடு பக்கம். அவனுடைய வீடு தூரம். ஆனால் பஸ் நின்ற நாளில் தூரத்து வீட்டுக்காரன் நேரத்துக்கு வந்துவிடுகின்றான். பக்கத்து வீட்டுக்காரி வருவதில்லை. முதலாளி இதையறிவானா? "இவ்வளவு பக்கத்திலிருந்து வரமுடியவில்லையா?" என்றே அவளைக் கேட்பான்.

இனி 2018-க்கு வருவோம். ஜனவரி 4, வியாழக்கிழமை. சம்பள உயர்வு பற்றிய பேச்சு அன்று மாலை முறிந்தது. முறிந்த செய்தி ஊரெங்கும் பரவுமுன்னரே வண்டிகள் நிற்கத் தொடங்கின. சில வண்டிகள் நடுவழியிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் பணிமனைக்குத் திரும்பின. வேலை முடிந்து வீடு திரும்பும் வேளை அது. காலையில் நின்றிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். மாலையில் நின்றமையால் வீட்டினின்றும் வெகுதூரத்தில் நின்றார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்புமாறு ஆணையிட்டது, திரும்பினாரில்லை. தற்காலிக ஓட்டுநரைக் கொண்டு சில வண்டிகள் ஓட்டப்பெற்றன. அவற்றால் விபத்துக்களும் நேர்ந்தன. ஜனவரி 11 இரவில், ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் அவர்களை நடுவராக நீதிமன்றம் அமர்த்திய பின்னரே வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. பொங்கலுக்கு அப்பொழுது மூன்று நாளே இருந்தன.

அந்த ஒரு வாரத்தில் எம் கண்ணால் கண்டவற்றிற் சிலவற்றை மட்டும் சொல்கின்றோம். ஐந்தாந் தேதி காலையில் பன்னிரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை விரித்தோம். வராதவர் பெயரை வரிசையாகப் படித்துவரும்பொழுது ஒன்று புலப்பட்டது. சோம்பேறி என்று பெயரெடுத்த பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தந்தையின் மோட்டார் சைக்கிள் இருந்தது. வராத பெயர்களைச் சேர்த்தால் இரயில் இல்லாத ஊர்களின் பட்டியலாக அமைந்தது. அப்பதிவேட்டை வைத்து ஒருவன் இந்தப் பகுதிக்குப் படம் வரைந்துவிடலாம். மூன்றாம் பாடவேளையில் ஒரு பெண் வந்தாள். திருமழிசைக்கும் அப்பாலுள்ள ஊர் அவளுக்கு. செருப்பு அறுந்துபோய்க் கையில் இருந்தது. யாம் வழக்கப்படி, 'தாமதம்' என்று சிவப்பு மையால் குறித்தோம். அவள் ஒன்றும் சொல்லாமல் தன் இடத்தில் போய் அமர்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அந்தச் சிவப்புக் குறியை யாம் பின்னர் அடித்துத் திருத்தியிருக்கலாம், திருத்தினோமில்லை. ஆண்டுக் கடைசியில் வருகைக் கணக்குக் கூட்டும்பொழுதுதான் அது மறுபடியும் கண்ணிற்பட்டது.

மாலையில் பூவிருந்தவல்லி பஸ் நிலையத்துக்குச் சென்றோம். வண்டியில்லாத நிலையத்திலே ஆட்கள் மட்டும் நிறைந்திருந்தனர். ஆற்றுப்படை என்றொரு நூல்வகை உண்டென்பதை அறிவீர்கள். பரிசில் பெற்று வருபவன், பெறாத வறியவனுக்கு, இன்ன வழியே போ, இன்னாரைக் காண் என்று வழிகாட்டுவது. அன்று அந்நிலையத்தில் ஆளுக்கு ஆள் ஆற்றுப்படை பாடிக்கொண்டிருந்தார்கள். "குமணன்சாவடி வரைக்கும் நட, அங்கே ஷேர் ஆட்டோ கிடைக்கும்." "போரூர் போய்விட்டால் கிண்டிக்கு ஏதாவது வரும்." "ஆவடி ரோட்டில் கல் லாரி போகும், கையை நீட்டு." வழிகாட்டியவரும் வழியறியாதவரே, அதுதான் வேறுபாடு. ஷேர் ஆட்டோக்காரர் கட்டணத்தை ஏற்றிவிட்டனர். அவர்களை யாம் முழுதும் பழிக்கமாட்டோம். அவர்களில்லாவிடில் அதுவும் இல்லை. ஆனால் நாட்கூலி பெறுகிற ஒருத்திக்குப் போக வர ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தபின் கையில் மிஞ்சுவதென்ன? கணக்குப் பார்த்து அவள் வேலைக்குப் போகாமலே இருந்துவிடுகின்றாள். போகாத நாளுக்குக் கூலியில்லை. மூன்று நாள் போகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. மாதச் சீட்டு வாங்கியிருந்தவளின் பணமோ, முன்னரே கொடுத்துத் தீர்ந்த பணம்.

திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியிற் பிறந்தவர். காஞ்சிப் பேரருளாளனுக்கு இங்கிருந்து பூவெடுத்துக்கொண்டு நடந்தே செல்வார் என்று பெரியோர் கூறுவர். பக்தியினால் நடப்பது வேறு. பஸ் இல்லாமையால், கையில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக நடப்பது வேறு. அன்று சாலையோரம் போனவர்களைப் பார்த்து, "நடப்பது உடம்புக்கு நல்லதுதானே" என்று காரின் கண்ணாடியை இறக்கிச் சொன்ன பெரியவர் ஒருவரை யாம் அறிவோம். அவரும் நம் சங்கத்தவரே. கூட்டத்துக்கு இன்று வந்திருக்கிறாரோ என்னவோ.

நிற்க. ஊழியர் ஏன் நிறுத்தினர் என்பதையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை 2.57 என்னும் எண்ணாற் பெருக்கித் தரவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. 2.44-ஆற் பெருக்கித் தருவோம் என்றது அரசாங்கம். கேட்பவர்க்கு இஃது அற்பமாகத் தோன்றும். அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் பெறுபவனுக்கு ஒரு கணக்கில் 25,700. மற்றொரு கணக்கில் 24,400. மாதம் 1,300 ரூபாய் வேற்றுமை, அதன்மேல் ஏறும் படிகளிலும் ஓய்வூதியத்திலும் வாழ்நாள் முழுதும் தொடரும். இதனினும் கொடிதாக அவர்கள் கூறியது மற்றொன்று. முப்பது ஆண்டு வண்டியோட்டி ஓய்வுபெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பணம் காலத்தில் வந்து சேரவில்லை. வருங்கால வைப்புநிதிக்கென்று சம்பளத்தில் பிடித்த பணத்தையும் நிர்வாகம் வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டது என்று அவர்கள் குறை கூறினார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயித்துவிட்டுத் தன் பணிக்கொடைக்காக அலுவலகப் படியில் ஏறி இறங்கிய பெரியவர்களை நம் உறவினரிலேயே கண்டிருக்கின்றோம். இத்தகையவன், "நான் நிறுத்தாமல் வேறென்ன செய்வேன்?" என்று கேட்டால், அக்கேள்விக்கும் மறுமொழி சொல்லியாக வேண்டும்.

அதன்பின் நடந்தது யாது? வேலைநிறுத்தம் முடிந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 20-ல், பஸ் கட்டணம் உயர்ந்தது. 2011-க்குப் பின் வந்த முதல் உயர்வு அது. சென்னையிலே சாதாரண வண்டியின் மிகக் குறைந்த கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாயிற்று. மாணவரும் மக்களும் கிளர்ந்தெழவே, அம்மாதம் 29-ல் 4 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. குறைத்த பின்னும் மூன்றில் ஒருபங்கு ஏற்றமே. ஒரு வாரக் கூலியை இழந்தவள் எவளோ அவளே, அடுத்த வாரத்திலிருந்து ஏறிய கட்டணத்தையும் கொடுத்தாள். பேச்சு நடந்த மேசையில் ஒரு பக்கம் நிர்வாகமும் அரசாங்கமும் அமர்ந்திருந்தன. மறுபக்கம் தொழிற்சங்கங்கள் அமர்ந்திருந்தன. இரு பக்கத்தாரும் அவளுடைய துன்பத்தைத் தத்தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார்கள். அவளுக்கு நாற்காலியில்லை.

ஓட்டுநரைக் குறைகூறுவது எளிது. ஆனால் யாம் ஆசிரியர். 2019 ஜனவரி 22 முதல் ஒரு வாரத்துக்கு மேலாக, பழைய ஓய்வூதியத்தை வேண்டி ஆசிரியரும் அரசு ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தபொழுது, யாமும் அக்கூட்டத்தில் நின்றோம். அந்நாட்களில் தனியார் பள்ளிகளுக்குப் பணங்கட்டிய வீட்டுப் பிள்ளைகள் இடையறாது படித்தனர். வகுப்பறை பூட்டிக்கிடந்தது, வேறு பள்ளிக்குப் போகமுடியாத பிள்ளைகளுக்கு மட்டுமே. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதமே இருந்த காலம். எம் மாணவன் ஒருவனின் தாய் சாலையில் எம்மைக் கண்டு வணங்கி, "ஐயா, எப்போது திறப்பீர்கள்?" என்று கேட்டபொழுது, எம் கோரிக்கையின் நியாயத்தை அந்த அம்மைக்கு விளக்கத் தொடங்கினோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். எம் கோரிக்கை தவறென்று யாம் இன்றும் கருதவில்லை. ஆயினும் சிவப்பு மையால் குறித்த அந்தப் பெண்ணின் நினைவு அன்று வந்தது என்பதை இச்சபையில் மறைக்க விரும்பவில்லை. அரசாங்கத்தின் மீது எறிவதாக எண்ணி நாம் எறியும் கல், வேறு கதியற்றவன் கூரையின் மேலே விழுகின்றது.

ஆகவே வேலைநிறுத்தத்தையே தடைசெய்துவிடலாம் என்று சிலர் கூறுவர். அதை யாம் ஒப்புக்கொள்ளோம். 2003-ல் நம் மாநிலத்தில் அரசு ஊழியரும் ஆசிரியரும் நிறுத்தியபொழுது, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் ஓரிரவில் வேலையினின்றும் நீக்கப்பட்டனர். அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென்று உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு கூறியது. அதனால் என்ன விளைந்தது? குறை தீர்ந்ததா? குறை உள்ளே கிடந்து புழுங்கி, மீண்டும் மீண்டும் வெடித்ததைக் கண்டோம். வாயைக் கட்டினால் பசி போகாது.

பொதுப்பயன் பணிகளில் முன்னறிவிப்பின்றி நிறுத்தலாகாது என்பது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் விதி. அறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாள் பொறுத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். அதன் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதியை அஃது எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. நல்லதே. ஆனால் அவ்வறிவிப்பு யாருக்குப் போகிறது? நிர்வாகத்துக்குப் போகிறது. திருவேற்காட்டு நிறுத்தத்தில் நிற்பவளுக்கு யார் அறிவிப்பது? நாளைக் காலை ஐந்தரை மணி வண்டி வருமா வராதா என்று இன்றிரவே அவளுக்குத் தெரிந்தால், எசமானியம்மாளிடம் சொல்லிக்கொள்வாள்; பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து ஓர் ஆட்டோவுக்குப் பேசிவைப்பாள்; பிள்ளையை அத்தை வீட்டில் விடுவாள். 2018-ல் வண்டி நின்றது மாலையில். 2023 மே 29-ல் ஒப்பந்த ஓட்டுநர் நியமனத்தை எதிர்த்துச் சென்னையில் சில மணி நேரம் திடீரென்று நிறுத்தியதும் மாலையிலேதான். 2024 ஜனவரி 9-ல் தொடங்கிய நிறுத்தம், முன்கூட்டியே தெரிந்திருந்தமையாலும் ஆளுங்கட்சிச் சார்பான தொழிற்சங்கம் அதிற் சேராமையால் வண்டிகள் பல ஓடினமையாலும் அவ்வளவு துன்பந் தரவில்லை, மறுநாளே ஒத்திவைக்கப்பட்டது.

முன்னறிவிப்பு என்ற ஒன்றே எவ்வளவு பயன் தரும் என்பதற்குப் பிரான்சு தேசத்தைக் காட்டலாம். வேலைநிறுத்தத்துக்குப் பேர்போன தேசம் அது. அங்கே 2007 ஆகஸ்டில் ஒரு சட்டம் செய்தார்கள். நிறுத்தத்தில் சேரப்போகும் போக்குவரத்து ஊழியர் ஒவ்வொருவரும் நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னதாகத் தம் கருத்தைச் சொல்லிவிடல் வேண்டும். எத்தனை பேர் வருவர் என்று கணக்கிட்டு, எந்தெந்த வண்டி ஓடும் என்பதை முந்தின நாளே பிரயாணிகளுக்கு நிர்வாகம் தெரிவிக்க வேண்டும். உரிமை பறிக்கப்படவில்லை, இருட்டு மட்டும் நீக்கப்பட்டது. இத்தாலி தேசத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டத்தை அடியாகக் கொண்டு, வேலைநிறுத்த நாளிலும் காலையிலும் மாலையிலும் மக்கள் வேலைக்குச் சென்று திரும்பும் சில மணி நேரம் வண்டிகள் ஓடியே தீரவேண்டும் என்று வரையறுத்துக்கொண்டனர். இடைப்பட்ட நேரத்தில் நிறுத்தம் நிறுத்தமாகவே இருக்கும். இவ்விரண்டனுள் ஒன்றைப் பின்பற்றுக என்றால் யாம் இத்தாலிய முறையையே விரும்புவோம். பிரான்சின் முறை, மாற்றுவழி தேடிக்கொள்ள வல்லவனுக்கு நன்று. மாற்றுவழியே இல்லாதவளுக்கு, இல்லையென்பதை முன்னதாகச் சொல்வதால் பாதித் துன்பமே குறையும்.

ஆஸ்திரேலியாவிலே சிட்னி நகரத்தில் 2017 ஜூலையில் பஸ் ஊழியர் வேறொன்று செய்தனர். பஸ்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை, ஓட்டினார்கள். கட்டணம் வாங்கும் கருவியை அணைத்துவிட்டார்கள். இழப்பு நிர்வாகத்துக்கு; பிரயாணிக்கன்று. இங்கே நடத்துநர் அவ்வாறு செய்தால் அவர்மேல் நடவடிக்கை வருமே என்று நம் நடத்துநர் அன்பர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. உண்மைதான். வண்டியை நிறுத்தினாலும் நடவடிக்கை வரத்தானே செய்கிறது? எந்த நடவடிக்கைக்கு ஊரார் உங்கள் பக்கம் நின்று வாதாடுவார்கள் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு செய்தியை இவ்விடத்தே சொல்லவேண்டும். 2021 மே 8 முதல் நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகர வண்டிகளிலே பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணஞ் செய்கின்றனர். இது பெருநன்மை, எத்தனையோ வீடுகளில் அந்தப் பணம் பாலாகவும் பென்சிலாகவும் மாறியுள்ளது. ஆனால் நன்மைக்குள்ளே ஒரு நுட்பம் இருக்கிறது. முன்னே நாளொன்றுக்குப் பத்து இருபது ரூபாய் போக்குவரத்துக்கென்று முந்தானையில் முடிந்துவைத்திருந்தவள், இப்போது அதை வைப்பதில்லை. அப்பணத்துக்கு வேறு செலவு வந்துவிட்டது. தூரத்து வேலையையும் துணிந்து ஒப்புக்கொள்கிறாள். ஆகவே வண்டி நின்றால், முன்னே நின்றதைவிட இப்போது அவள் அதிகமாகத் தவிப்பாள். முன்பு வேற்றுமை நான்கு ரூபாய்க்கும் முப்பது ரூபாய்க்கும். இன்று ஒன்றுமில்லாமைக்கும் முப்பது ரூபாய்க்கும்.

இத்தனையும் அரசாங்கமும் தொழிற்சங்கமும் செய்யவேண்டியவை. நம் சங்கம் செய்யவேண்டியது ஒன்றுமில்லையா? அமெரிக்காவிலே மான்ட்கோமரி என்னும் நகரத்தில் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள், கறுப்பினத்து மக்கள் பஸ் ஏறாமல் இருந்தார்கள். அங்கே நிறுத்தியவர் ஊழியரல்லர், பிரயாணிகள். இழிவாக இருக்கை ஒதுக்கிய முறையை எதிர்த்து நிறுத்தினார்கள். அவர்களிற் பலர் நம் பெண்களைப்போலவே பிறர் வீடுகளில் சமைத்தும் துலக்கியும் பிழைத்தவர்கள். எவ்வாறு வேலைக்குப் போனார்கள்? பலர் நடந்தார்கள். கறுப்பினத்து டாக்சிக்காரர் முதலில் பஸ் கட்டணமாகிய பத்துச் சென்டே வாங்கி ஏற்றினர். அது தடுக்கப்பட்டபின், அவர்கள் அமைத்த சங்கம் தன் உறுப்பினரின் கார்களை ஒன்றுசேர்த்து, எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு எந்தக் கார் நிற்கும் என்று அட்டவணை வகுத்து ஓட்டியது. ஏறக்குறைய முந்நூறு கார்கள். கோயில்கள் பணந்திரட்டித் தந்தன. ஏறக்குறைய ஓராண்டு இது நடந்தது.

நம் சங்கத்தார் வீடுகளில் கார் எத்தனை, வேன் எத்தனை, ஆட்டோ எத்தனை, கல்யாண மண்டபத்துக்கென்று நிற்கும் வண்டி எத்தனை என்பது நம் பொருளாளருக்கு நன்கு தெரியும். நன்கொடை கேட்கும்பொழுது அதையே பார்த்துக் கேட்கின்றார். 2018-ல் அவ்வண்டிகள் எல்லாம் பூவிருந்தவல்லிச் சாலையில் வழக்கம்போல் போய்வந்தன, பெரும்பாலும் ஓராளோடு. வழியிலே நடந்தவர்களுள் நம்மவரும் இருந்தனர். நம்மவரை மட்டும் ஏற்றுக என்று யாம் சொல்லவில்லை. அவ்வாறு ஏற்றத் தொடங்கினால், நிறுத்தத்தில் நிற்பவளிடம் குலங்கேட்டு ஏற்றும் இழிவு நேரும். யார் நிற்கின்றாரோ அவரை ஏற்றுவதே தகும்.

ஆதலின் செயற்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைத்துள்ளோம். காலையும் மாலையும் உறுதிச் சேவையும், முந்தின நாள் அறிவிப்பும் வேண்டி, போக்குவரத்துக் கழகத்துக்கும் எல்லாத் தொழிற்சங்கங்களுக்கும் ஒரே விண்ணப்பத்தை நம் சங்கம் அனுப்புதல் வேண்டும் என்பது ஒன்று. அவ்விண்ணப்பத்தில் முதற் கையெழுத்து நம் ஓட்டுநர், நடத்துநர் அன்பர்களுடையதாக இருத்தல் வேண்டும். ஓய்வுபெற்றவர்க்குரிய பணத்தைக் காலத்தில் தருக என்னும் வரியும் அதில் உண்டு. கல்யாணத்தில் வாய்மூடி நின்ற அந்த அண்ணன் நேற்றே எம் வீட்டுக்கு வந்து கையெழுத்திட்டுச் சென்றார். மற்றொன்று, வண்டியுள்ளவர் பெயர், வண்டியின் இருக்கை, காலையில் புறப்படும் நேரம், செல்லும் வழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது. அவ்வாறே, பஸ்ஸை மட்டும் நம்பியிருப்பவர் நிற்கும் நிறுத்தம், போகும் இடம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தால் போதும்.

கோடு போட்ட குறிப்பேடு ஒன்று வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. இடப்பக்கம் வண்டியுள்ளவர்க்கு, வலப்பக்கம் இல்லாதவர்க்கு. கூட்டம் தொடங்குமுன் பார்த்தோம். வலப்பக்கத்தில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது, இடப்பக்கத்தில் மூன்று பெயரே இருக்கின்றன. சிற்றுண்டி கொடுக்க இன்னும் அரைமணி நேரம் ஆகுமென்கிறார்கள்.